சன்னாய் மருயாமாவா, யோஷினொகாரியா?

ஜப்பானில் ஒரே ஒரு தொல்லியல் களத்துக்குத்தான் நேரம் இருக்கிறதா? யோசிக்காமல் வடக்கே, சன்னாய் மருயாமா இருக்கும் அவொமோரிக்கு ரயில் ஏறுங்கள். கியூஷூ தீவின் யோஷினொகாரியும் லேசுப்பட்டதல்ல, ஆனாலும் என் ஓட்டு சன்னாய் மருயாமாவுக்கே.

காரணம், ஆறு குழிகள். நெல் வருவதற்கு முன் வேட்டையாடியும் காட்டில் உணவு சேகரித்தும் வாழ்ந்த ஜோமோன் மக்கள் சுமார் 5,900 ஆண்டுகளுக்கு முன் இங்கே குடியேறி, 1,700 ஆண்டுகள் வாழ்ந்தார்கள். 1992இல் பேஸ்பால் மைதானம் கட்டுவதற்கு முன்பாகத் தோண்டிப் பார்த்ததில் கிடைத்தவை இந்தக் குழிகள். ஒவ்வொன்றும் 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம். குழிக்குக் குழி 4.2 மீட்டர், பிசகே இல்லை. உள்ளே, 1 மீட்டர் பருமனுள்ள செஸ்ட்நட் தூண்களின் அடிக்கட்டைகள் மக்காமல் கிடந்தன. 1994இல் மைதான வேலையே நின்றுபோனது.

பக்கத்திலேயே, அந்தத் தூண்கள் தாங்கிய கட்டடத்தின் மாதிரி நிற்கிறது. அவ்வளவு பருத்த மரம் ரஷ்யாவிலிருந்து வந்தது. கூரை இருந்ததா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை, அதனால் கூரை போடாமலே விட்டுவிட்டார்கள். அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அப்புறம் அருங்காட்சியகத்தில் ஒரு சாண்கூட இல்லாத மரப்பட்டைப் பை ஒன்று இருக்கிறது. அதற்குள் இருந்த உடைந்த வால்நட் ஓட்டையும் காட்டுகிறார்கள். யாரோ காட்டுக்குப் போய்த் திரும்பிய ஒரு நாள் அப்படியே நிற்கிறது.

யோஷினொகாரி வேறு உலகம். நெல் வந்த பிறகான யாயோய் காலத்து ஊர். களஞ்சியம் நிறைந்ததும் அகழி, மரவேலி, காவல் கோபுரம் எல்லாம் வந்துவிட்டன. இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடங்கள் ஆயிரக்கணக்கில். ஒன்றில் தலையில்லாத எலும்புக்கூடு. இரண்டு தாழிகளை வாயோடு வாய் சேர்த்துப் புதைத்திருப்பதைப் பார்த்தால் நமக்கு ஆதிச்சநல்லூர் நினைவுக்கு வராமல் போகாது. ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ தமிழ்–ஜப்பானியத் தொடர்பு பேசியபோது இந்தத் தாழிகளையும் சுட்டினார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை.

குறை என்னவென்றால், மேலே நிற்கும் வீடுகள் எல்லாமே புதிதாகக் கட்டியவை. அசல் தாழிகளைப் பார்க்க வடக்குப் புதைமேட்டுக்குள் போக வேண்டும், தவறவிடாதீர்கள்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் ஃபுகுவோகாவில் தங்குகிறவர்களுக்கும் யோஷினொகாரிதான் சரி. ஓடியாட இடம் தாராளம், ரயில் நிலையத்திலிருந்து கால் மணி நேர நடை. டோக்கியோவிலிருந்து ஷின்-அவொமோரிக்குப் புல்லட் ரயிலில் 3 மணி நேரத்துக்குச் சற்று மேல், அங்கிருந்து பஸ். ஜனவரி, பிப்ரவரியில் மட்டும் வேண்டாம், பனி ஆளை மூழ்கடிக்கும்.