பட்டைப் புறா ஜோடியா, செக்கர் ஜோடியா?

காசிமேட்டு மொட்டைமாடியில் புதிதாகக் கூண்டு கட்டி, ஹோமர் (தொலைவில் விட்டாலும் கூடு திரும்பும் புறா வகை) வாங்கப் போகிறவர்களுக்கு வரும் குழப்பம் இது. பட்டை என்றால் இறக்கையில் இரண்டு கருங்கோடு. செக்கர் என்றால் இறக்கை முழுக்கக் கட்டம். செக்கர் ஓங்கு பண்பு, பட்டை அதற்கு ஒடுங்கு பண்பு.

குஞ்சு எப்படி வரும்?
பட்டை: இந்த ஜோடிக்குச் செக்கர் குஞ்சு பிறக்காது.
செக்கர்: ஒரு செக்கர் ஜீன் இருந்தாலே வெளியே செக்கர்தான், உள்ளே பட்டை ஒளிந்திருக்கலாம். இரண்டிலும் ஒளிந்திருந்தால் சராசரியாக நாலில் ஒரு குஞ்சு பட்டை. 1866-இல் மெண்டல் வெளியிட்ட பட்டாணிக் கணக்கு, அதே 3:1. ஆனால் அவர் உருண்டை, சுருக்கம் என்று பிரித்து எண்ணியது 7,324 விதைகள். புறா இடுவதோ ஒரு தடவைக்கு இரண்டு முட்டை, அதில் கணக்கு அப்படியே அமையாது. அதனால் பட்டைக் குஞ்சைப் பார்த்ததும் விற்றவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

உள்ளே வேறு ஒளிந்திருக்கிறதா என்று சோதிக்க?
பட்டை: தேவையில்லை.
செக்கர்: பட்டையோடு ஜோடி சேருங்கள். சுமார் 18 நாள் அடை. ஒரு பட்டைக் குஞ்சு வந்தாலும் குட்டு உடைந்தது.

பறக்கும் வேகம்? கோலத்தை வைத்துச் சொல்ல முடியாது.

கூண்டு முழுக்க ஒரே மாதிரி வேண்டுமென்றால் பட்டை. கலவை பிடிக்குமென்றால் செக்கர். நானாக இருந்தால், சரி, வகைக்கு ஒன்று வாங்கிச் சேர்த்துவிடுவேன்.