மேசைக்கணினியிலிருந்து வெளியே வந்த கடிதங்கள்: புதிய அஞ்சல் வழங்கியுடன் இரண்டு ஆண்டுகள்

யாழ்ப்பாண நகரில் உள்ள எங்கள் கணக்காய்வு அலுவலகத்தின் 14 மின்னஞ்சல் கணக்குகளை, 2023 ஆம் ஆண்டு நல்லூர்த் தேருக்கு அலுவலகம் பூட்டியிருந்த நாளில் புதிய வழங்கிக்கு (கடிதங்களைப் பெற்று வைத்திருக்கும் இணையக் கணினிக்கு) மாற்றினோம். அதன் தேவையை எங்களுக்கு உணர்த்தியது முந்தைய ஆண்டின் மின்வெட்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டபோது, கைத்தொலைபேசியில் இணைய இணைப்பு இருந்தும் வாடிக்கையாளரின் பழைய கடிதம் ஒன்றைக்கூட எவராலும் திறந்து பார்க்க முடியவில்லை. கடிதங்களைக் கணினிக்கு இறக்கிப் படிக்கும் பொப்3 முறையில் இயங்கிய கணக்குகள், கடிதத்தை மேசைக்கணினிக்கு இறக்கியவுடன் வழங்கியிலிருந்து நீக்கிவிடும்படி அமைக்கப்பட்டிருந்தன. வழங்கியில் வாடகைக்கு எடுத்த இடம் சிறியது என்பதற்காக அப்படி அமைத்தவன் நானே.

வழங்கி மாற்றம் பெரிய வேலையாக இருக்கவில்லை. எங்களுக்கு வரும் கடிதங்கள் எந்த வழங்கிக்குப் போக வேண்டும் என்று சொல்வது எம்எக்ஸ் பதிவு. மற்றக் கணினிகள் அதை நினைவில் வைத்திருக்கும் ஆயுளை இரு நாள் முன்னரே 86400 வினாடியிலிருந்து 300 வினாடிக்குக் குறைத்திருந்ததால் புதிய கடிதங்கள் அன்று மாலைக்குள் புதிய இடத்துக்கு வரத் தொடங்கின. கடிதம் உண்மையில் எங்களிடமிருந்தே வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளையும் அன்றே சேர்த்திருந்தபடியால், 2024 பெப்ரவரியில் கூகிள் அனுப்புநர்களுக்கான விதிகளை இறுக்கியபோது எங்களுக்குச் சிக்கல் எழவில்லை.

பாடுபட்டது பழைய கடிதங்களோடுதான். ஒவ்வொரு கணினியிலும் அவுட்லுக் என்ற மின்னஞ்சல் மென்பொருளின் கோப்புக்குள் கிடந்தவற்றை, கடிதங்களை வழங்கியிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் முறை வழியாக மேலேற்ற வேண்டியிருந்தது. வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் 4 கிகாபைட் கோப்பு ஒன்று ஏறுவதற்கே ஏறத்தாழ 9 மணித்தியாலம் தேவை என்பதால், இரவில் ஏற்றவிட்டுக் காலையில் வந்து பார்ப்பதே மூன்று வாரங்களாக என் வழக்கமாயிற்று. ஏறிய பின்னர் இன்னொன்று தெரியவந்தது. பல ஆண்டுகளுக்கு முன், ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் கொடுக்கும் பாமினி எழுத்துருவில் எழுதப்பட்ட கடிதங்கள், அந்த எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் ஆங்கில எழுத்துகளாகவே தோன்றின. பாமினியில் மெய்ப்புள்ளிக்குரிய விசை அரைப்புள்ளி என்பதால் சொல்லுக்குச் சொல் அரைப்புள்ளிகள் வேறு. வாடிக்கையாளரின் பெயரைத் தமிழில் தேடினால் அவை அகப்படுவதில்லை. எல்லாவற்றையும், இன்றைய கருவிகள் யாவும் தமிழாகவே காட்டும் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம் என்று சிலர் கூறினர். கணக்காய்வுக்குச் சான்றாக நிற்கும் கடிதத்தின் உடலில் கை வைப்பது முறையல்ல என்று நான் மறுத்தேன். தேவைப்படும்போது பிரதி எடுத்து மாற்றிப் படிக்கிறோம்.

அலுவலகத்தினர் ஐமேப்புக்குப் பழகத்தான் அதிக காலம் எடுத்தது. முதல் மாதத்திலேயே எங்கள் மூத்த கணக்காளர் அக்கா, கைத்தொலைபேசியில் இடம் போதவில்லை என்று ஓராண்டுக் கடிதங்களை அழித்துவிட்டார். மறுநாள் மேசைக்கணினியிலும் அவை இல்லை. "நான் போனிலதானே தம்பி அழிச்சனான்" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. பொப்3 காலத்தில் மேசைக்கணினிக்கு இறங்கியது அதற்கே உரிய தனிப் பிரதி, இப்போது எல்லாக் கருவிகளும் காட்டுவது வழங்கியில் உள்ள ஒரே கடிதத்தை. இதை முன்கூட்டியே சொல்லாதது என் தவறு. அவர் அழிப்பதற்கு முந்தைய இரவு எடுத்த காப்புப்பிரதியிலிருந்து அவற்றை மீட்டுக் கொடுத்தேன். அதன்பின் காப்புப்பிரதியை நாள்தோறும் வேறொரு வட்டில் எடுக்கிறேன்.

குறைகளும் உண்டு. வழங்கியின் வாடகையை டொலரில் செலுத்துவதால், ரூபாய்க் கணக்கில் அடுத்த ஆண்டுச் செலவை முன்கூட்டியே உறுதியாக எழுத முடிவதில்லை. பழைய போட்டோக்கொப்பி இயந்திரம், இணைப்பைப் பிறர் படிக்காமல் காக்கும் டிஎல்எஸ் முறையின் பழைய 1.0 பதிப்பை மட்டுமே அறிந்தது; புதிய வழங்கி அதை ஏற்காததால் ஸ்கான் செய்த ஆவணத்தை நேரே மின்னஞ்சலில் அனுப்ப இயலவில்லை. அந்த ஒரு இயந்திரத்துக்காக வழங்கியின் பாதுகாப்பைத் தளர்த்த நான் உடன்படவில்லை. இன்றும் ஸ்கான்கள் அலுவலகப் பொதுக் கோப்புறைக்கே போய்ச் சேர்கின்றன. அங்கிருந்து எடுத்து இணைத்து அனுப்புவது ஒவ்வொருவரின் பொறுப்பாக உள்ளது.