தடவுவது சுலபம், கழுவுவதுதான் பாடு: ஜெல், வாக்ஸ், க்ளே

குட்டை முடி கலையாமல் நிற்க ஜெல், வாக்ஸ், க்ளே என்று எதைத் தடவலாம் என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது, உங்கள் வீட்டில் என்ன தண்ணீர் வருகிறது என்பதைத்தான். சிரிப்பார்கள். நானும் ஒன்றரை வருடத்துக்கு முன்னால் சிரித்திருப்பேன்.

என் கதை இது. பக்கவாட்டில் மெஷின் ஓட்டி, மேலே இரண்டு அங்குலம் விடுகிற கிராப்பு. மேடவாக்கம் பக்கம் வாடகை வீடு, போர் தண்ணீர், பக்கெட்டில் வெள்ளையாக உப்புப் படியும். ஆபீசுக்கு பைக்கில் முக்கால் மணி நேரம், அத்தனையும் ஹெல்மெட்டுக்குள். ஜெல், வாக்ஸ், க்ளே மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து இப்போது க்ளேயில் வந்து நிற்கிறேன். அதனால் கொஞ்சம் அந்தப் பக்கமாகத்தான் பேசுவேன்.

ஜெல்லைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தண்ணீரும் பாலிமரும்தான் அதில் சரக்கு. ஈரத் தலையில் தடவினால் தண்ணீர் காய்ந்துபோய், பாலிமர் ஒரு மெல்லிய படலமாக முடியோடு முடியை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். அந்தப் படலம் உடைந்தால் உடைந்ததுதான், ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு விரலால் கோதினால் வெள்ளைத் துகளாகத் தோளில் உதிரும். கறுப்புச் சட்டை போட்டிருந்த அன்று லிஃப்டில் ஒரு பெரியவர், "தம்பி, பொடுகுக்கு வேப்பிலை அரைச்சுப் போடுப்பா" என்றார், நானும் சரிங்க ஐயா என்று தலையாட்டிவிட்டு வந்தேன். போதாக்குறைக்கு, நிறைய ஜெல்களில் சேர்க்கிற பிவிபி என்ற பாலிமர் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும், சென்னைப் புழுக்கத்தில் மதியத்துக்குள் தலை பிசுபிசுக்கும். ஆனால் வெறும் தண்ணீரிலேயே போய்விடும், விலையும் குறைவு. ஹெல்மெட் போடாதவர்களுக்கு, காலையில் ஒரு கல்யாணம், போட்டோ என்றால், தாராளமாகப் போதும்.

வாக்ஸும் க்ளேயும் அப்படி இறுகிக் காய்வதில்லை. ஹெல்மெட் அமுக்கினாலும் பார்க்கிங்கிலேயே பைக் கண்ணாடியைப் பார்த்து விரலை விட்டுத் தூக்கிக்கொள்ளலாம். வாக்ஸ் மினுமினுக்கும், க்ளே மினுங்காது. க்ளேயில் கேயோலின், பென்டோனைட் மாதிரி களிமண் வகை கலந்திருப்பதால் தலையில் ஊறுகிற எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், மெல்லிய முடிகூடக் கொஞ்சம் அடர்த்தியாகத் தெரியும். இதெல்லாம் டப்பாவிலேயே போட்டிருக்கிற விஷயம்தான்.

டப்பாவில் போடாதது ராத்திரிக் குளியல். நான் முதலில் வாங்கிய வாக்ஸ் முழுக்க எண்ணெய்ச் சரக்கு, பெட்ரோலியம் ஜெல்லியும் தேன்மெழுகும். ஷாம்பு தீர்ந்துபோயிருந்த ஒரு ராத்திரி குளியல் சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. இரண்டாவது முறை, மூன்றாவது முறை, தேய்க்கத் தேய்க்க மெழுகுவர்த்தியில் முக்கி எடுத்த மாதிரி ஆகிவிட்டது தலை. காரணம் பிறகுதான் புரிந்தது: போர் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் கரையாத ஒரு பிசுக்காக மாறும், பாத்ரூம் டைல்ஸில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். ஆக, நான் வாக்ஸைக் கழுவவில்லை, அதன்மேல் இன்னொரு பூச்சு பூசியிருக்கிறேன். சரி, சுடுதண்ணீர் ஊற்றலாம் என்றால் தேன்மெழுகு உருக 60 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அந்தச் சூட்டில் முதலில் வேகப்போவது நம் தலைதான்.

கடைசியில் வேலைக்கு ஆனது பாட்டி வைத்தியம் மாதிரி ஒன்று. எண்ணெய்ச் சரக்கை எண்ணெய்தான் இளக்கும். உலர்ந்த தலையில் இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெயை ஊற்றிப் பிசைந்து, பத்து நிமிஷம் விட்டு, தண்ணீர் படாமலே ஷாம்புவைப் போட்டுத் தேய்த்து, அதற்கப்புறம் அலச வேண்டும். போய்விடும். ஆனால் வாரம் ஆறு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு இந்தத் தீபாவளி எண்ணெய்க் குளியல் யாரால் ஆகும்? சோம்பேறித்தனத்தில் நாலு நாள் அப்படியே படுத்ததில் தலையணை உறை கறுத்தது, நெற்றியோரம் வரிசையாகப் பரு வந்தது. 1970லேயே தோல் மருத்துவர்கள் இதற்கு 'பொமேட் ஆக்னி', அதாவது தலைப்பூச்சால் வருகிற பரு, என்று பெயர் வைத்து எழுதிவிட்டார்களாம்.

இப்போது போடுகிற க்ளேக்கு ஒரே ஒரு ஷாம்பு போதும், அதே போர் தண்ணீரில். ஆனால் க்ளே என்று பெயர் போட்டதெல்லாம் இப்படி இல்லை, அங்கேதான் சலூன்காரர் சொல்வதை நம்பி ஏமாறுவோம். டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தில் இருக்கிற சேர்மானப் பட்டியலைப் படியுங்கள், எது அதிகமோ அது முதலில் வரும். அக்வா, அதாவது தண்ணீர், என்று ஆரம்பித்தால் பொதுவாகத் தண்ணீரில் போகிற சரக்கு. பெட்ரோலேட்டம் (பெட்ரோலியம் ஜெல்லிதான்), மினரல் ஆயில் என்று ஆரம்பித்து அக்வாவே காணோம் என்றால், அது க்ளே என்றாலும் வாக்ஸ் என்றாலும் ராத்திரி தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தேட வேண்டியதுதான். அக்வாவில் தொடங்குகிற வாக்ஸும் கடையில் கிடைக்கிறது. அது ஒன்றை இரண்டு வாரம்தான் போட்டேன், கழுவ லேசாக இருந்தது, ஆனால் மதிய வெயிலில் முடி படுத்துவிட்டது. இரண்டு வாரத்தை வைத்து அதைத் தள்ளிவிடச் சொல்ல மாட்டேன்.

க்ளேயிலும் குறை உண்டு. கொண்டைக்கடலை அளவுக்கு மேல் எடுத்தால் முடி வைக்கோல் மாதிரி சொறசொறக்கும். உள்ளங்கையில் நன்றாகத் தேய்த்து இளக்காமல் போட்டால் ஒரே இடத்தில் திட்டாக ஒட்டும். வகிடு எடுத்துப் படிய வாருகிறவர்களுக்கு இது ஆகவே ஆகாது. அப்பா காலத்து பிரில்கிரீம் அவர்களுக்குச் சரிப்படும், 1928ல் பர்மிங்காமில் ஆரம்பித்த சரக்கு, தண்ணீரும் மினரல் ஆயிலும் தேன்மெழுகும் கலந்த கிரீம். அப்பா இன்னும் அதை விடவில்லை, என் டப்பாவை மோந்து பார்த்துவிட்டு "மண்ணையாடா தலையில போடுற?" என்று கேட்டார். சுருட்டை முடிக்கு க்ளே எப்படி என்று என் தலையை வைத்துச் சொல்ல முடியாது, என்னுடையது கோரை முடி.

மிச்சமிருந்த அரை டப்பா வாக்ஸைத் தூக்கிப் போடவில்லை. மீசை நுனியை முறுக்கிவிட அரிசியளவு போதும், அசையாமல் நிற்கிறது.