குமிழா, பட்டனா, என்கோடரா: சின்ன கம்ப்ரசருக்கு எது போதும்?

ஏர்பிரஷ்ஷுக்காக வீட்டில் ஒரு சின்ன கம்ப்ரசர் ஓடுகிறது. அர்டுயினோ நானோ என்கிற குட்டிக் கணினி போர்டு, 0 முதல் 100 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை அளக்கும் சென்சார், மோட்டாரை ஓட்டி நிறுத்த ஒரு ரிலே, இரண்டு வரி எல்சிடி: கன்ட்ரோலர் என்பது இவ்வளவுதான். நிரல் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிட்டது. ‘எத்தனை பிஎஸ்ஐ வேண்டும்’ என்று அதனிடம் எப்படிச் சொல்வது என்பதில்தான் மூன்று மாதம் போனது. மூன்று வழிகளையும் சால்டர் செய்து, பிடுங்கி, மறுபடி சால்டர் செய்து பார்த்தாயிற்று.

முதலில் மாட்டியது ரோட்டரி என்கோடர், அதாவது திருப்பத் திருப்பக் கிளிக் கிளிக்காக எண்ண வைக்கும் குமிழ். பார்க்க அழகு, வேறு காரணமில்லை. கேஒய்-040 என்று விற்கிற மாட்யூல். ஒரு சுற்றுக்கு 20 கிளிக், முடிவில்லாமல் சுற்றும், அழுத்தினால் அதிலேயே ஒரு பட்டன். ஆனால் உள்ளே இருப்பவை சாதாரண உலோகத் தொடுப்புகள்தான். ஒவ்வொரு கிளிக்கிலும் சில மில்லி செகண்ட் துள்ளும். அந்தத் துள்ளலையும் நிரல் எண்ணிவிட்டால் 41க்குப் போக வேண்டியது 43க்குப் போய் நிற்கும். சில நேரம் பின்வாங்கி 39க்கு வரும். சரி, இன்டரப்ட்டில் (சிக்னல் வந்த உடனே நிரலை நிறுத்திக் கவனிக்க வைக்கும் வசதி) போடுவோம் என்று டி2, டி3 பின்களுக்கு மாற்றினேன். இன்னும் மோசம். மோட்டார் நிற்கும்போது ரிலேயில் எழும் ஸ்பைக்கையும் (நொடிநேர மின் துடிப்பு) கிளிக் என்றே எண்ணியது. யாரும் தொடாமலே செட் அளவு ஏறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். காற்று டேங்க் பக்கத்தில் நின்று பார்க்கிற காட்சி அல்ல அது! கெப்பாசிட்டர் போட்டு, ஒரு கிளிக்குக்குள் வரும் நான்கு நிலைகளும் வரிசையாக வந்தால் மட்டுமே எண்ணும்படி நிரலை மாற்றிய பிறகு அடங்கியது. பத்துப் பக்க மெனு உள்ளவர்களுக்கு இந்த உழைப்பு தகும். எனக்கு வேண்டியது ஒரே ஓர் எண்.

அப்புறம் ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று என்று இரண்டு பட்டன். போர்டின் உள் புல்-அப்பே (அழுத்தாதபோது பின்னை அந்தரத்தில் விடாமல் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) போதும், வெளியே ரெசிஸ்டர் வேண்டாம். 30 மில்லி செகண்ட் பொறுத்துப் படித்தால் துள்ளல் தெரியாது. ஈரக் கையோடு, பெயின்ட் கையோடு அழுத்தலாம். சிக்கல் இரண்டு. 30இலிருந்து 60க்குப் போக முப்பது அழுத்து. பிடித்துக்கொண்டே இருந்தால் வேகமாக ஓடும்படி தனியாக எழுத வேண்டும். கரண்ட் போய் வந்தால் எண் மறந்துவிடும் என்பது இரண்டாவது. ஈஈப்ராமில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகம்) சேமிக்கலாம், ஆனால் அதன் ஒவ்வோர் இடத்திலும் சுமார் 1,00,000 தடவை எழுதத்தான் உத்தரவாதம். அழுத்தும்போதெல்லாம் எழுதாமல், கடைசி அழுத்துக்கு மூன்று செகண்ட் கழித்து ஒரு தடவை எழுதினால் பல வருஷம் வரும்.

4க்கு 4 கீபேட் எட்டுப் பின்னைத் தின்னும், பூட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் சீரியல் மானிட்டரைத் (போர்டோடு பேசும் ஜன்னல்) திறந்து எண்ணைத் தட்டலாம், ஆனால் அதைத் திறந்த உடனே நானோ ரீசெட் ஆகும். சோதிக்கும்போது மட்டும் சரி.

கடைசியில் நிலைத்தது, ரேடியோ கடைக்காரர் ‘வால்யூம் கன்ட்ரோல்’ என்று எடுத்துக் கொடுக்கிற 10 கே (கிலோ ஓம்) பொட், அதாவது திருப்பினால் மின்தடை மாறும் பொட்டென்ஷியோமீட்டர். பி10கே என்று கேட்டு வாங்குங்கள். ஏ என்றிருந்தால் அது ஆடியோவுக்கானது. அளவு முழுக்க ஒரு ஓரத்தில் நெருக்கிக்கொண்டு நிற்கும். குமிழ் நிற்கிற இடமே நினைவு என்பதால் கரண்ட் போனாலும் கவலையில்லை, தூரத்திலிருந்தே குமிழில் இருக்கிற கோட்டைப் பார்த்து அளவு சொல்லலாம். குமிழ் சுற்றுவது சுமார் 300 டிகிரி. அதில் 100 பிஎஸ்ஐயையும் அடைத்தால் ஒரு பிஎஸ்ஐக்கு 3 டிகிரிதான், கை நடுங்கினால் தாண்டிவிடும். எனக்குத் தேவை 20 முதல் 70 வரை. அதை மட்டும் பரப்பினேன், 6 டிகிரி கிடைத்தது.

பொட்டின் உண்மையான ஆபத்து வயர் அறுந்து போவது. நடு வயர் அறுந்தால் பின் அந்தரத்தில் தொங்கி வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும். அதற்காக இரு முனையிலும் 1 கே ரெசிஸ்டர், நடு வயர் வந்து சேரும் போர்டு பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 470 கே, கூடவே ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். நானோ அந்தப் பின்னின் வோல்டேஜை 0 முதல் 1023 வரையான எண்ணாகப் படிக்கும்; இப்போது ஒழுங்கான குமிழ் ஏறக்குறைய 85 முதல் 938 வரைதான் காட்டும். 40க்குக் கீழோ 990க்கு மேலோ வந்தால் வயர் போச்சு என்று அர்த்தம், மோட்டார் நின்றுவிடும். நடு வயரையும் கிரவுண்டு வயரையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன், இரண்டு தடவையும் நின்றது. டேங்கில் ஸ்பிரிங் சேஃப்டி வால்வு தனியாக இருக்கிறது. அதை எந்த நிரலும் தொடாது.

குறை இல்லாமல் இல்லை. போன வாரம் வந்த அண்ணன் மகன், ரேடியோ என்று நினைத்து 70 வரை திருகி வைத்துவிட்டான். இப்போது குமிழைக் கழற்றி எடுத்துவிட்டேன்; தண்டில் இருக்கிற வெட்டில் ஸ்க்ரூடிரைவர் வைத்துத்தான் திருப்ப முடியும்.