12 சதவீதமா, 7.1 சதவீதமா: தம்பிக்காகப் போட்ட கணக்கு

பாம்பனில் விசைப்படகில் மீன்பிடிக்கப் போகும் என் தம்பிக்கு 30 வயது. மாதம் 1,000 ரூபாய் என்.பி.எஸ்.ஸில் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) போட்டால் 60 வயதில் 35 லட்சம் என்று ஒரு ஏஜென்ட் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான், உப்புத் தண்ணீர் பட்டு ஓரமெல்லாம் ஊறிப்போயிருந்தது. நானும் போட்டுப் பார்த்தேன், கூட்டல் தப்பில்லை. ஆனால் 30 வருடமும் 12 சதவீதம் கிடைக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. 10 என்று வைத்தால் 22.6 லட்சம். 8 என்றால் 15 லட்சம்கூட முழுசாக இல்லை. மூன்றிலும் அவன் கட்டுவது அதே 3.6 லட்சம்தான்! பாதிக்கு மேல் பங்குச் சந்தையில் வைத்தால் 12 வரவும் செய்யலாம், ஆனால் வரும் என்று யாரும் எழுதித் தர முடியாது. நான் 8-ஐ வைத்துத்தான் முடிவெடுப்பேன்.

சரி, பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி)? வட்டி 2020 ஏப்ரலில் 7.1 ஆனது, 2025 முழுக்க அதேதான். வருடத் தொடக்கத்தில் 12,000 போட்டு, 15 வருடம் முடிந்ததும் ஐந்தைந்து வருடமாக நீட்டித்து 30 வருடம் ஓட்டினால் 12.36 லட்சம், வரியும் கிடையாது. ஆனால் 1990-களில் இதே கணக்குக்கு 12 சதவீதம் கொடுத்தார்கள், அதனால் 7.1-உம் நிலையான எண் இல்லை. ஏப்ரல் 5-க்குள் போட்டால்தான் அந்த மாத வட்டி சேரும். இங்கே ஏப்ரல் 15-க்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும், 61 நாள் வீட்டுச் செலவுக்கு எடுத்து வைக்கிற நேரத்தில் 12,000 ரூபாயை எங்கிருந்து எடுப்பது?

இந்த மூன்றில், அரசின் அடல் பென்ஷன் திட்டத்தில் மட்டும்தான் தொகை உறுதி. 30 வயதில் சேர்ந்தால் மாதம் 577 ரூபாய், 60-க்கு அப்புறம் மாதம் 5,000. நல்ல திட்டம்தான். ஆனால் விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறினால் அன்றைய 5,000 இன்றைய 1,150 ரூபாய்க்குச் சமம். இதே கழிவு 35 லட்சத்துக்கும் உண்டு, அது எட்டு லட்சமாக நிற்கும். அந்தத் தாளில் இந்த வரி இல்லவே இல்லை, எனக்கு வருத்தமே அதில்தான்.

அவனுக்கு நான் சொன்னது: முதலில் அடல் பென்ஷன், அதையும் மாதத் தவணையாக வேண்டாம், அரையாண்டுத் தவணையாக. தடைக்காலத்தில் வங்கிக் கணக்கு காலியாக இருந்தால் தாமதக் கட்டணம் விழும். மீதியை பி.பி.எஃப்.பில், தடை முடிந்து முதல் மீன்பாடு நல்லபடி விழுந்ததும் ஜூலை 5-க்குள் போடட்டும், மூன்று மாத வட்டி போனாலும் பரவாயில்லை. என்.பி.எஸ்.ஸை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.