லக்டேற்றா, விரல் நுனியா?

யாழ்ப்பாணத்தில் செப்சிஸோடு (கிருமித்தொற்றால் உறுப்புகள் பழுதாகும் நிலை) ஒருவர் தீவிர சிகிச்சைக் கட்டிலுக்கு வருகிறார். கண் மஞ்சள், வயிறு வீக்கம். ஈரல் ஏற்கனவே சுருங்கியவர். இன்னும் சேலைன் வேண்டுமா என்பதை எதைப் பார்த்து முடிவெடுப்பது?

வழக்கமாக இரத்தத்தில் லக்டேற்றை (இரத்த ஓட்டம் போதாதபோது ஏறும் பொருள்) இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பார்ப்போம். 20 வீதம் குறைந்தால் திருப்தி. ஆனால் உடம்பில் உண்டாகும் லக்டேற்றில் பாதிக்கு மேல் ஈரல்தான் அகற்றுகிறது. அது தளர்ந்தால், இரத்த ஓட்டம் சீரான பிறகும் எண் இறங்க அடம்பிடிக்கும். அதைத் துரத்திச் சேலைன் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். அதற்காக, ஈரல் நோயாளிதானே என்று உயர்ந்த எண்ணைத் தள்ளிவிடவும் கூடாது. ஆபத்து இவர்களுக்கும் உண்மை.

சரி, விரல் நுனி? கண்ணாடித் தகட்டால் சுட்டுவிரல் நுனியை வெளிறும்வரை அழுத்தி, 10 செக்கன் பிடித்து விடுங்கள். நிறம் திரும்ப 3 செக்கனுக்கு மேல் போனால் ஓட்டம் போதாது. செலவில்லை, அரை மணிக்கொரு தரம் பார்க்கலாம். கை குளிர்ந்திருந்தால் மட்டும் ஏமாற்றும்.

இந்த இரண்டு வழிகளையும் ஒப்பிட்டு 2019 இல் வந்த அன்ட்ரோமெடா ஷொக் ஆய்வில் 28 நாளில் இறந்தோர் விரல் பக்கம் 34.9 வீதம், லக்டேற் பக்கம் 43.4. புள்ளிவிபரப்படி அந்த வித்தியாசம் உறுதியாகவில்லை. இருந்தும் ஈரல் பழுதானவருக்குச் சேலைனை விரலைப் பார்த்தே நிறுத்துவேன்.