உள்ளங்கை வியர்வைக்கு அயன்டோபோரிசிஸ் மெஷின்: நீண்ட நாள் பயன்படுத்தியவனின் புலம்பல்

கை வியர்வையைக் குறைக்கும் இந்த மெஷினை வாங்கலாமா என்று நண்பன் கேட்டான், அதற்காகத்தான் இது. இரண்டு தட்டில் குழாய்த் தண்ணீர் ஊற்றி, கையை வைத்து, 15 முதல் 20 மில்லி ஆம்பியர் டிசி (ஒரே திசையில் ஓடும்) கரண்ட் விடுவது என்ற அளவுக்குத் தெரிந்துதான் கேட்டிருப்பான்.

வேலை செய்கிறது, அதில் சந்தேகமில்லை. எழுதும்போது காகிதம் கைக்கடியில் நைந்துபோவதில்லை, பேனா வழுக்குவதில்லை. ஏன் வேலை செய்கிறது என்பதில்தான் ஆராய்ச்சியாளர்களுக்கே ஒருமித்த பதில் இல்லை; வியர்வைக் குழாய் அடைபடுகிறது என்ற பழைய விளக்கம், தோலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது நிற்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயைக் கண்டுபிடிக்க 1959-இல் வந்த வியர்வைப் பரிசோதனையில் இதே முறையில் பைலோகார்பின் மருந்தைத் தோலுக்குள் செலுத்தி வியர்க்க வைக்கிறார்கள்.

என் எரிச்சலெல்லாம் தண்ணீர் முடிகிற அந்தக் கோட்டில்தான். உள்ளங்கைத் தோல் தடிமன், தாங்கிக்கொள்ளும். கையின் ஓரத்தில் தண்ணீர் மட்டம் தொடுகிற மெல்லிய தோலில் ஊசியை வரிசையாக வைத்து அழுத்துவதுபோல் இருக்கும், எடுத்த பிறகு சிவந்த கோடு, அரிப்பு. அங்கே வாஸ்லின் தடவினால் குறையும், ஆனால் அது கொஞ்சம் வழிந்து உள்ளங்கைக்குப் போனால் அந்த இடத்தில் கரண்ட் ஏறாது. நகக்கண்ணில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் போதும், கரண்ட் தோலை விட்டுவிட்டு அதைத்தான் தேடிப்போகும். இதற்கு நடுவில் மூக்கு அரிக்கும், அரித்தே தீரும், கரண்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவராமல் கையை எடுத்தால் சுரீரென்று ஒரு அடி.

அப்புறம், பாசிட்டிவ் பக்கக் கைதான் சீக்கிரம் காயும் என்பதால் பாதியில் துருவத்தை மாற்ற வேண்டும். சில மெஷின்கள் தாமாகவே மாற்றும். என்னுடையதில் குமிழைக் குறைத்து, ஈரக் கையைத் துடைத்து, ஒயரைப் பிடுங்கி மாற்றிச் செருகி, மறுபடி மெதுவாக ஏற்றி... இதை வடிவமைத்தவருக்குக் கை வியர்த்ததே இல்லை என்று சத்தியம் செய்வேன். ஆரம்பத்தில் வாரத்துக்கு மூன்று நான்கு முறை, கை காய்ந்த பிறகும் வாரம் ஒருமுறையாவது. விட்டால் வியர்வை திரும்ப வந்துவிடும்.

பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் பக்கமே வரக்கூடாது.

நண்பனுக்குப் பதில்: வேண்டாம்டா, உனக்குப் பொறுமை கிடையாது. என்னுடையதை இரவல் கேட்காதே, இந்த வாரத்து முறை இன்னும் பாக்கி இருக்கிறது.